எல்லாம்தான் நெட்டில் இருக்கிறதே, நூலகர் எதற்கு?

இனி நூலகம் எதற்கு என்று ஒருவர் கூட்டத்தில் கேட்கும் வீடியோவை, பல்கலைக்கழக நூலகரான எனக்கு முந்தாநாளிலிருந்து 17 பேர் அனுப்பிவிட்டார்கள். பேசியவர் யார், எந்தக் கூட்டம் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் பெயர் போடப்போவதில்லை. ஒன்றரை நிமிடப் பேச்சு. "ஒரே நாடு ஒரே சந்தா வந்தாச்சு. எல்லா ஜர்னலும் பசங்க போன்லயே வருது. இன்னும் எதுக்கு இவ்வளவு பெரிய லைப்ரரி, எதுக்கு இத்தனை ஸ்டாஃப்?" என்று கேட்கிறார். உடனே கைதட்டல். தட்டிய கைகளில் பாதி, ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கிய கைகள். பேச்சைவிட அதுதான் எனக்கு வலித்தது. பதில் எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். கட்டுரை நெட்டில் இருப்பது வேறு. அது உங்கள் கைக்கு வருவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் வேலை செய்கிறார். அந்த ஆள் கண்ணில் படவில்லை என்பதற்காக ஆளே இல்லை என்று சொல்லாதீர்கள்.

முதலில், மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டி ஆய்விதழ்களைத் திறந்துவிடும் அந்த 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறக்குறைய 13,000 இதழ்கள். 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நல்ல திட்டம், மனசாரச் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒவ்வொரு வருடமும் எந்த இதழை வெட்டுவது என்று பட்டியலை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இயற்பியல்காரர்கள் கேட்டதைக் கொடுத்தால் விலங்கியல்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த 6,000 கோடி தானாக உங்கள் போனுக்குள் வந்து விழவில்லை. வளாகத்துக்குள் இருந்தால் திறக்கும். வீட்டுக்குப் போனால் லாகின் வேண்டும். அந்த லாகினை யார் போட்டுக் கொடுக்கிறார்கள்? பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று இரவு பத்தரைக்கு யாருக்கு வாட்ஸ்அப் வருகிறது? அப்புறம், அந்தத் திட்டம் அரசு நிறுவனங்களுக்குத்தான். எங்கள் பல்கலைக்கழகத்தில் இணைந்திருக்கும் சுயநிதிக் கல்லூரிகளில் எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள்! அந்தக் கல்லூரியில் உட்கார்ந்து அவர்களால் எதையும் திறக்க முடியாது. பேருந்து பிடித்து எங்கள் நூலகத்துக்குத்தான் வருகிறார்கள். அந்த 30 பதிப்பகங்களும் உலக அளவில் பெரியவை. தமிழாய்வு இதழ் எதையும் அங்கே தேடிப் பயனில்லை. அதை நாங்கள்தான் சந்தா கட்டி வாங்கி, பைண்டு பண்ணி அடுக்கி வைத்திருக்கிறோம். அந்த அடுக்கு இருக்கும் மாடியைத்தான் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று வீடியோவில் சொல்கிறார்.

சரி, இது படிக்கிற பாதி. எழுதி வெளியிடுகிற பாதிக்கு வருகிறேன். நூலகத்தின் வேலை மாறிப்போனதே இந்தப் பாதியால்தான். நான் வேலைக்குச் சேர்ந்த 2001-இல் என் கையில் இருந்தது நூற்பட்டியல் அட்டைகள் வைக்கும் பெட்டி, ரப்பர் ஸ்டாம்ப், புதுப் புத்தகங்களைப் பதிகிற அக்சஷன் ரிஜிஸ்டர். இன்று என் மேசைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் புத்தகம் கேட்பதில்லை. "மேடம், இந்த ஜர்னலுக்கு அனுப்பலாமா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஒரு மாணவி வந்தாள். மூன்றாம் ஆண்டு ஆராய்ச்சி, வீட்டில் முதல் பட்டதாரி. கையில் ஒரு மெயிலின் பிரிண்ட் அவுட். இதழின் பெயர் நல்ல பெயர்தான், நான் கேள்விப்பட்ட பெயர். ஐந்தே நாளில் கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக எழுதியிருந்தார்கள். 16,500 ரூபாய் கட்டியிருக்கிறாள். இதழ் இணையத்தில் காணாமல் போய்விட்டது, என்ன செய்வது என்று கேட்டாள். ஒவ்வொரு இதழுக்கும் ஐஎஸ்எஸ்என் என்று ஒரு அடையாள எண் உண்டு. அதைப் போட்டுத் தேடினேன். எண் உண்மையான இதழுடையது. இவள் பணம் கட்டியதோ அதே பெயரில் எவனோ போட்ட போலித் தளம். சொன்னேன். அவள் அழவில்லை. "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தத் தாளை நாலாக மடித்தாள். அப்போதுதான் அவள் காதைப் பார்த்தேன். கம்மல் இல்லை. ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க இரண்டு காதிலும் விளக்குமாற்று ஈர்க்கு சொருகியிருந்தாள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வந்திருந்தால் எனக்கு அது பத்து நிமிட வேலை. "லைப்ரரில இதெல்லாம் பார்ப்பாங்கன்னு யாருமே சொல்லலைங்க மேடம்" என்றாள். அவளுக்கு யார் சொல்லியிருக்க வேண்டும்?

இந்த மாதிரி ஏமாற்று இதழ்களை வேட்டைக்கார இதழ்கள் என்று பெயர் வைத்துப் பட்டியல் போட்டு உலகத்துக்குக் காட்டியவர் ஜெஃப்ரி பீல். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் அவர் நூலகராக இருந்தார். பெரிய விஞ்ஞானிகளும் துணைவேந்தர்களும் பேசாமல் இருந்த காலத்தில் ஒரு நூலகர் பேசினார். 2017-இல் அந்தப் பட்டியலை அவர் இணையத்திலிருந்து நீக்க வேண்டி வந்தது. அவர் பட்டியலில் குறை இருந்தது என்பார்கள். இருக்கட்டும். அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் 2019-இல் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்ததே, அந்த ஓமிக்ஸ் என்ற இதழ் வெளியீட்டு நிறுவனம் நம் ஹைதராபாத்தில் இருந்து நடந்ததுதான். இது எங்கோ நடக்கிற கதை இல்லை.

நம் ஊரில் இதைத் தடுக்க யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, நம்பகமான இதழ்களைத் தொகுத்த யுஜிசி கேர் பட்டியல் என்று ஒன்று இருந்தது. 2025 பிப்ரவரியில் அதையும் எடுத்துவிட்டார்கள். இனி எந்த இதழ் நல்லது, எது மோசம் என்பதை அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் என்றால் யார்? துணைவேந்தரா உட்கார்ந்து ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தேடுவார்? அது எங்கள் மேசைக்குத்தான் வந்திருக்கிறது. வேலை இரட்டிப்பான அதே சமயத்தில்தான் "இத்தனை ஸ்டாஃப் எதுக்கு" என்ற கேள்வியும் வருகிறது.

"இலவசமாகப் படிக்கலாம் என்கிற இதழுக்கு நாம் ஏன் காசு கட்டணும்?" என்றும் கேட்பார்கள். வாசகர் கட்டாத காசை எழுதியவரிடம் வாங்குகிறார்கள், அவ்வளவுதான் விஷயம். நேச்சர் இதழ் 2020 இறுதியில் இதற்கு அறிவித்த தொகை ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. நம் ஆய்வு உதவித்தொகையை வைத்து அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காசே கட்டாமல், இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையின், அவர்கள் பக்க வடிவமைப்புக்கு முந்தைய பிரதியைப் பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் போட்டு வைக்கப் பல இதழ்கள் அனுமதிக்கின்றன. எந்த இதழ், எந்தப் பிரதி, எத்தனை மாதம் கழித்து என்று பார்த்துச் சொல்வதும் நூலகர் வேலை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது தமிழ்த்துறைக்காரர்களுக்கு. ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் நாட்டின் ஆய்வேடுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. 2009 யுஜிசி விதிமுறைதான் மின்வடிவில் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. நல்லது. ஆனால் நம் தமிழ் ஆய்வேடுகளில் பல, டிடிபி கடையில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு அது. திரையில் அழகாகத் தெரியும். ஒரு வரியைக் காப்பி செய்து வேறு இடத்தில் போடுங்கள். 'தமிழ்' என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து விழும். அப்படியென்றால் கூகுளில் நீங்கள் தமிழில் எதைத் தேடினாலும் அந்த ஆய்வேட்டின் உள்ளே இருக்கும் ஒரு வரிகூட வராது. ஐந்து வருட உழைப்பு நெட்டில் இருக்கிறது, யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. தலைப்பையும் சுருக்கத்தையும் குறிச்சொற்களையும் ஒருவர் உட்கார்ந்து, எல்லாக் கணினியும் தமிழென்று அறியும் யூனிகோடில் திரும்ப அடித்துப் போட்டால்தான் அது வெளியே தெரியும். அந்த ஒருவர் நான். இதற்கு முந்தைய வருடங்களில் என்னோடு இன்னும் இருவர் இருந்தார்கள். ஓய்வு பெற்றுவிட்டார்கள், இடம் காலியாகவே இருக்கிறது.

பிறர் எழுதியதைத் திருடியிருக்கிறார்களா என்று பார்க்கும் களவுச் சோதனையிலும் இதே கதைதான். 2018 யுஜிசி விதிமுறைப்படி, பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்க வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஒரு தமிழ் ஆய்வேட்டுக்கு மென்பொருள் 1 சதவீதம் என்றது. பாமினியைப் படிக்கத் தெரியாமல் சொன்ன 1 அது. யூனிகோடுக்கு மாற்றிப் போட்டால் 31. பையன் வெலவெலத்துப் போனான். இரண்டு பேரும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பார்த்தோம். பெரும்பகுதி சங்கப் பாடலும் உரையும், முறையாக மேற்கோள் காட்டியவை. அவற்றைக் கழித்தால் 9. மெஷினுக்குச் சங்கப் பாட்டும் தெரியாது, திருட்டும் தெரியாது. 1 என்பதை நம்பியிருந்தால் நாளைக்கு எவனாவது உண்மையாகவே திருடித் தப்பித்திருப்பான். 31 என்பதை நம்பியிருந்தால் இந்தப் பையனின் மானம் போயிருக்கும்.

"இனி ஏஐ எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். போன மாதம் ஒருவர் ஏஐ கொடுத்த துணைநூல் பட்டியலோடு வந்தார். 11 கட்டுரைகள். அதில் நாலு கட்டுரை உலகத்திலேயே கிடையாது. இதற்கு மேல் அந்த வாதத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"நூலகத்துக்கு வருகிறவர்கள் ஏசிக்காக வருகிறார்கள்" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். இதற்கு நான் விரிவாகவே பதில் சொல்வேன். ஆமாம், வருகிறார்கள். ஒரே அறையில் ஐந்து பேர் படுக்கிற வீட்டிலிருந்து வருகிறார்கள். மே மாதத் தகர ஷீட்டுக்குக் கீழே மடிக்கணினி சூடாகி நின்றுவிடுகிற வீட்டிலிருந்து வருகிறார்கள். வீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் பிடிக்கக் கூப்பிடுவார்கள், மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள் என்று கூப்பிடுவார்கள் என்பதால் பெண்பிள்ளைகள் வருகிறார்கள். காலை ஒன்பதரைக்கு ஜன்னலோர மேசையில் பையை வைத்து இடம் பிடித்து, தயிர்சாதத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இரவு எட்டுக்கு மணி அடிக்கும்வரை எழுதுகிறார்கள். ஒரு ஆய்வேடு எழுதி முடிக்கக் குளிர்ந்த காற்றும் ஒரு மேசையும் தேவைப்பட்டால், அதைக் கொடுப்பது நூலகத்துக்கு இழுக்கா? உங்கள் அறையில் ஏசி ஓடுகிறதே, அதை யாராவது கேட்டார்களா?

நூலகர்களிலும் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்கிறவர்கள் உண்டு. அது உண்மை, மறுக்கவில்லை. அதற்காக எல்லோரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2019 பிப்ரவரியில் எல்செவியர் என்ற பெரிய இதழ்ப் பதிப்பகத்தின் சந்தாவை வேண்டாம் என்று நிறுத்தியது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்து 2021 மார்ச்சில் தங்களுக்குத் தோதான ஒப்பந்தம் போட்டது. அந்தப் பேச்சுவார்த்தைக் குழுவுக்கு நூலகர் இணைத் தலைவர். இங்கே ஆராய்ச்சி தொடர்பான கூட்டம் என்றால் எங்களுக்கு அழைப்பே வருவதில்லை. வந்தாலும் புரொஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லித்தான் வரும்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகராக வந்தார். 1931-இல் அவர் நூலகத்துக்காக எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. உலகம் முழுக்க நூலகம் படிக்கிறவர்கள் அதைப் படிக்கிறார்கள். கட்டடத்தைக் காப்பாற்று என்று அவர் எழுதவில்லை. வாசகரை நினைத்து எழுதினார். நான் ஐஎஸ்எஸ்என் தேடுவதும் பாமினியை மாற்றுவதும் அந்த நான்காவது விதிதான். போன ஆகஸ்ட் 12, நூலகர் தினத்தில் அவர் படத்துக்கு மாலை போட்டு, கண்கலங்கப் பேசியவரும் வீடியோவில் இருக்கும் அதே மனிதர்தான். அந்த மாலையை நான்தான் வாங்கி வந்தேன்.

ஆய்வேட்டை ஷோத்கங்காவில் ஏற்றும்போது ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்க்க வேண்டும். நன்றியுரைப் பக்கம் கண்ணில் படும். கடவுள், நெறியாளர், துறைத்தலைவர், அப்பா அம்மா, மனைவி, டிடிபி கடைக்காரர், பைண்டிங் அண்ணன் என்று எல்லோர் பெயரும் இருக்கும். நூலகத்துக்கு ஒரு வரி போட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இத்தனை வருடத்தில் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. எதிர்பார்த்ததும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீடியோவில் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவர்களில் மூன்று பேருடைய ஆய்வேடுகளை நான்தான் ஏற்றினேன். அதில் ஒருவர் 2014-இல் எனக்கு அனுப்பிய மெயில் இன்னும் இருக்கிறது. "மேடம், இந்த ஒரு பேப்பர் மட்டும் எப்படியாவது எடுத்துக் கொடுங்க, வைவாவுக்கு வேணும்" என்று எழுதியிருந்தார். வேறொரு பல்கலைக்கழக நூலகருக்குப் போன் போட்டு அன்று மாலையே வாங்கிக் கொடுத்தேன். அவர் மறந்திருக்கலாம்.

ஆய்வு மாணவர்களுக்கு மட்டும் கடைசியாக ஒன்று. தரைத்தளத்தில் நுழைந்ததும் இடது பக்கம் மூன்றாவது மேசை, காலை ஒன்பதரை முதல் இருப்பேன். எந்த இதழிலிருந்து மெயில் வந்தாலும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளும் வாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் வாருங்கள். கட்டிய பிறகு வந்தால் என்னால் எதுவும் செய்ய முடிவதில்லை.