பத்தாயிரத்தோடு முடிகிற கேஸ் இல்லை இது

குடித்துவிட்டு ஓட்டி மாட்டியவர்கள் வக்கீலான எனக்குப் போன் செய்தால் எடுத்த எடுப்பிலேயே கேட்பது ஒன்றுதான்: "சார், பத்தாயிரம் கட்டிட்டா முடிஞ்சிரும்ல?"

முடியாது. ஹெல்மெட் போடாததற்குக் கட்டுகிறோமே, அந்தக் கணக்கு வேறு. அங்கே பணத்தை வாங்கிக்கொண்டு போலீஸே விஷயத்தை முடித்துவிடலாம், சட்டம் அனுமதிக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. கோர்ட்டில் "குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்" என்று நீங்கள் சொன்ன பிறகு மாஜிஸ்திரேட் விதிக்கும் தண்டனைதான் அந்தப் பத்தாயிரம். அதாவது நீங்கள் தண்டிக்கப்பட்ட குற்றவாளி. ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "டீ சாப்பிடலாமா சார்" என்று கேட்கிறவர்களுக்கு இது உறைப்பதே இல்லை.

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். இங்கிலாந்தில் இந்த அளவு 80. நம் ஊரில் முழு பாட்டில் பீர் ஒன்று உள்ளே போனாலே பெரும்பாலானவர்கள் 30-ஐத் தாண்டிவிடுவார்கள். "ஒரு பீர்தான் சார்" என்பதை வாதமாக நினைத்துச் சொல்கிறார்கள். அது ஒப்புதல் வாக்குமூலம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு வருடம் வரை, அல்லது பதினைந்தாயிரம், அல்லது இரண்டும். முன்பெல்லாம் மூன்று வருடத்துக்குள் மறுபடி மாட்டினால்தான் 'இரண்டாவது முறை'. 2019 திருத்தத்தில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். இன்று ஒப்புக்கொண்டது பத்து வருடம் கழித்தும் கணக்கில் வரும். லைசென்ஸைப் பறித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பும் அதிகாரமும் போலீஸுக்கு உண்டு. கார் டிரைவராகப் பிழைக்கிறவனுக்கு அபராதத்தைவிட அதுதான் பெரிய அடி. 2022 அக்டோபரில் சென்னை போக்குவரத்து போலீஸ் 188-வது பிரிவைத் தூசி தட்டி எடுத்து, பின்னால் உட்கார்ந்து வருகிறவர்மீதும் உடந்தை என்று வழக்குப் போட ஆரம்பித்தது. நண்பன் ஓட்டினான், நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்றும் தப்ப முடியாது.

சரி, எதிர்வாதம் என்று ஒன்றும் இல்லையா? இருக்கிறது. ஆனால் வாட்ஸப்பில் சுற்றுகிற வகை இல்லை. "கைது செய்து ரெண்டு மணி நேரத்துல டாக்டர்கிட்ட கூட்டிப் போகலைன்னா கேஸ் செல்லாது" என்பார்கள். 202-வது பிரிவு சொல்வது, அப்படிக் கூட்டிப் போகாவிட்டால் காவலிலிருந்து விட வேண்டும் என்பதுதான். விட்டால் வீட்டுக்குப் போகலாம், கேஸ் உங்கள் கூடவே வரும். "ஊத மாட்டேன்னு சொல்லிடு" என்பது இன்னொரு இலவச ஆலோசனை. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் அந்த மறுப்பையே உங்களுக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 205-வது பிரிவு.

உண்மையில் எடுபடக்கூடியவை: ஓட்டியது நீங்கள்தானா, ஊதச் சொல்லும் கருவி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டதா, அளவு அச்சான சீட்டு எங்கே, ரத்தம் எடுத்திருந்தால் அது யார் யார் கை மாறி லேபுக்குப் போனது. வெறும் வாடையை வைத்து போதை என்று முடிவு கட்ட முடியாது. வாடை, தள்ளாட்டம், விரிந்த கண்மணி, இவ்வளவும் இருந்தும் சிறுநீரோ ரத்தமோ சோதிக்காத ஒரு விபத்து வழக்கில், போதை நிரூபணமாகவில்லை என்று 1971-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கருவி பொய் சொல்லாது என்று நினைப்பவர்கள் 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளத்தில் நடந்ததைப் படிக்கவும். அரசு பஸ் டெப்போவில் பலாச்சுளை தின்றுவிட்டு ஊதிய டிரைவர்களுக்குக் கருவி ஆல்கஹால் காட்டியது. கொஞ்ச நேரம் விட்டு, வாயைக் கொப்பளித்து மறுபடி ஊதினால் இந்த மாதிரிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இரவு பதினொரு மணிக்குச் சாலையில் அவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது?

என் ஆதங்கமே இங்கேதான். ஒரு கொத்தனார் உண்மையிலேயே குடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கேஸை நடத்த வேண்டுமென்றால் வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட வேண்டும், வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொண்டு கட்டுவதே மலிவு. அவருக்குப் பத்தாயிரம் பல நாள் கூலி. பெரிய காரில் வந்து இறங்குகிறவருக்கு அது ஒரு ராத்திரி பில். இருவருக்கும் ஒரே தொகை வைத்துவிட்டு, கடுமையான சட்டம் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இனி யாரும் யோசிக்காத இன்சூரன்ஸ். என்னிடம் வந்த ஒருவர் தன் வண்டியை மச்சானிடம் கொடுத்தார். மச்சான் குடித்துவிட்டு ஓட்டி ஒரு பெரியவரை இடித்தார். கிரிமினல் கேஸ் எப்படியோ ஓய்ந்தது. அதன்பின் விபத்து இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தில் உத்தரவு வந்தது: இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுக்கட்டும், பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். கம்பெனி தனி வழக்கெல்லாம் போடத் தேவையில்லை, அதே தீர்ப்பாயத்தில் உத்தரவை நிறைவேற்றித் தரச் சொல்லி ஒரு மனு போட்டால் போதும். குடிக்காத மனிதர், ஓட்டாத மனிதர், வீட்டுப் பத்திரத்தோடு என் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

சொந்த வண்டியின் சேதத்துக்கும் காசு வராது. 2007-ல் டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் மோதி நாசமானது. மூச்சுச் சோதனையும் இல்லை, ரத்தச் சோதனையும் இல்லை. இருந்தும் ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பது மற்ற சூழ்நிலைகளிலிருந்து தெரிகிறது, கம்பெனி பணம் தர வேண்டாம் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனை இல்லை என்ற வாதம் கிரிமினல் கோர்ட்டில் காப்பாற்றலாம், க்ளெய்மைக் காப்பாற்றாது.

உயிர் போய்விட்டால் பேச்சே வேறு. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006-ல் நடைபாதையில் தூங்கிய ஏழு தொழிலாளர்கள் செத்த வழக்கில், வெறும் அஜாக்கிரதை என்ற வாதம் எடுபடவில்லை. குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஓட்டினார் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் நியாய சன்ஹிதாவில் அஜாக்கிரதை மரணத்துக்கு 5 வருடம் வரை, தெரிந்தே செய்ததென்றால் 10 வருடம் வரை.

உண்மையிலேயே குடிக்காமல் மாட்டினால் ஒன்று செய்யுங்கள். அங்கேயே, சாட்சி வைத்துக்கொண்டு, ரத்தம் எடுங்கள் என்று கேளுங்கள். மறுநாள் கோர்ட் வாசலில் என்னிடம் சொல்லி ஒன்றும் ஆகாது, அதற்குள் உடம்பில் இருந்ததும் இல்லாததும் ஒன்றாகிவிட்டிருக்கும்.