பாவம், அந்த எல்ட்ரிட்ஜ் கப்பல்

1943இல் பிலடெல்ஃபியா கடற்படைத் தளத்தில் ‘எல்ட்ரிட்ஜ்’ என்ற போர்க்கப்பலை அமெரிக்கர்கள் மாயமாக மறையச் செய்தார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. காந்தக் கண்ணிவெடிகளிடமிருந்து கப்பலைக் காக்க அதன் உடலைச் சுற்றி மின்கம்பி ஓட்டிய வேலைதான் இப்படிக் காது மூக்கு வைத்துப் பேசப்பட்டது என்பார்கள். போகட்டும், கதைக்கு அது நல்ல விதை. அந்த விதையிலிருந்து எடுத்த படத்தைப் பின்னர் தொலைக்காட்சிக்காக மீண்டும் எடுத்தபோது அது சப்பென்று போனதற்குப் பணம் போதவில்லை என்று சாக்குச் சொல்ல முடியாது.

1984இல் வந்த ‘தி பிலடெல்ஃபியா எக்ஸ்பெரிமென்ட்’ படமும் பெரும் பணத்தில் எடுத்ததன்று. ஆனாலும், 1943இலிருந்து நாற்பது ஆண்டுகளைத் தாண்டி வந்து விழுந்த அந்தக் கப்பலின் மாலுமி, தொலைக்காட்சியில் ரீகனைக் கண்டு, தனக்குத் தெரிந்த சினிமா நடிகரா நாட்டின் அதிபர் என்று திகைக்கும்போது, காலம் அவனைக் கைவிட்டுவிட்டது என்பது நமக்கே உறைக்கிறது. அந்த ஒரு காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்?

2012இல் தொலைக்காட்சிக்காக அதை மீண்டும் எடுத்தவர்களுக்கு இது ஏன் புரியவில்லை? பழைய நாயகன் மைக்கேல் பாரேயையே வேறு வேடத்தில் கொண்டுவந்தார்கள். கதையின் உயிரை மட்டும் விட்டுவிட்டார்கள். கப்பல் தோன்றுகிறது, மறைகிறது, மறுபடி தோன்றுகிறது. கணினியில் அவசரமாக வரைந்த அதற்கு எடையே இல்லை. இந்த வகைப் படங்கள் எல்லாவற்றிலும் அதே இருட்டு ஆய்வுக்கூடம், அதே நீல மின்னல், கத்திக்கொண்டே இருக்கும் அதே ராணுவ அதிகாரி! வீடு திரும்ப முடியாதவனின் தவிப்பைக் காட்டப் பணமா வேண்டும்?