நேரா வீட்டுக்குப் போனா சரியா வராது

சாங்கி விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்தேதான் இந்த டிக்கெட்டை எடுத்தேன். இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் ஜோக்ஜகார்த்தாவில் காலையில் கிளம்பி மதியம் சிங்கப்பூர், இரவு ஒன்பது மணிக்குத் திருச்சி விமானம். கூட வந்த நண்பர் ஏழாயிரம் ரூபாய் அதிகம் கொடுத்து அதற்கு முந்தைய விமானத்தில் போய்விட்டார். "ஏர்போர்ட்ல ஒம்போது மணி நேரம் என்னய்யா பண்ணுவ?" என்று கேட்டார். இந்நேரம் வீட்டில் குளித்து முடித்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

நான் மிச்சம் பிடிக்கத்தான் இதை எடுத்தேன், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் ஆறேழு மணி நேரம் உட்கார்ந்த பிறகு, அவர்தான் ஏழாயிரம் கொடுத்து எதையோ இழந்துவிட்டார் என்று தோன்றுகிறது.

முதல் இரண்டு மணி நேரம் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கால் பிடித்துவிடும் இயந்திரத்தில் உட்கார்ந்தேன். மூன்றாம் முனையத்தில் இருக்கும் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தைப் பார்த்தேன். அப்புறம் அந்த நீர்வீழ்ச்சி. 2019இல் திறந்த ஜுவல் கட்டடத்தில் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுகிறது, உலகத்திலேயே உயரமான உள்ளரங்க அருவி. ஆனால் அது குடிநுழைவுச் சோதனையைத் தாண்டி வெளியே இருக்கிறது, விசா இல்லாத என் பாஸ்போர்ட்டுக்கு அங்கே வழி கிடையாது. முனையங்களுக்கு இடையே ஓடும் ஸ்கைடிரெயின் அதன் வழியாகத்தான் போகிறது என்று யாரோ சொன்னார்கள். ஏறினேன். சில நொடிகள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அருவி, அவ்வளவுதான். மூன்று தடவை போய் வந்தேன். மூன்றாவது தடவை ஒரு சீனப் பாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரும் அதே வேலையாகத்தான் வந்திருந்தார் போல.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அப்போதுதான் ஜாவாவில் பார்த்த பிரம்பானான் கோயில் ஞாபகத்துக்கு வந்தது. 47 மீட்டர் உயரச் சிவன் கோயில். அதன் வடக்கு அறையில், இருட்டில், ஒரு துர்க்கை. ஊர்க்காரர்கள் அவளை ரோரோ ஜொங்க்ராங் என்கிறார்கள். தன்னைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டவனிடம், ஒரே ராத்திரியில் ஆயிரம் கோயில் கட்டச் சொன்ன இளவரசி. அவன் பூதங்களை வைத்துக் கட்டி முடிக்கப் போகிறான் என்று தெரிந்ததும், கிழக்கே தீ மூட்டி, பெண்களை நெல் குத்த வைத்து, விடிந்துவிட்டது போலக் காட்டினாள். சேவல் கூவியது, பூதங்கள் ஓடின. கோபத்தில் அவன் அவளையே ஆயிரமாவது சிலையாக்கிவிட்டான் என்பது கதை. அந்த அறையில் நின்றபோது செல்போனை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதில்தான் என் கவனம் முழுக்க இருந்தது. அவள் முகத்தைச் சாங்கியில் உட்கார்ந்துதான் பார்த்தேன்.

திருச்சி விமானத்துக்கான கூட்டத்தைக் கண்டுபிடிக்கப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை. மைலோ டப்பா, கோடாலித் தைலம், சாக்லேட் என்று புடைத்த பைகளைப் பார்த்தாலே போதும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கப்பல் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை, ஊர் அறந்தாங்கிப் பக்கம். விமானத்துக்கு நாலு மணி நேரம் முன்பே வந்துவிட்டார். ரெண்டு வருடம் கழித்து ஊருக்குப் போகிறாராம்.

"வீட்ல எல்லாரும் ஏர்போர்ட்டுக்கு வர்றாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. வர வேணாம்னுட்டேன். எறங்கி சமயபுரம் போயிருவேன். ராத்திரி அங்கதான் படுக்கை. காலைல மொட்டை போட்டுட்டு, சாமி பாத்துட்டு, மத்தியானமாத்தான் ஊருக்கு."

வேண்டுதலா என்றேன்.

"வேண்டுதலும்தான். மொத தடவை நேரா வீட்டுக்குப் போனேண்ணே. மறுநாள் நாலு மணிக்கே முழிச்சுட்டேன். இங்க அந்த நேரத்துக்கு எங்கள வேலைக்கு ஏத்திட்டுப் போற லாரி வந்துரும்ல. எல்லாரையும் எழுப்பி விட்டுட்டேன். இது ஏன் இங்க கெடக்கு, அது ஏன் அங்க கெடக்குன்னு சூப்ரவைசர் மாதிரி ஒரே சத்தம். ஒரு வாரத்துல அம்மா, நீ எப்படா கெளம்புறன்னு கேட்டுருச்சு. நேரா வீட்டுக்குப் போனா சரியா வராதுண்ணே."

எனக்குத் தாத்தா ஞாபகம் வந்தது. சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு மளிகைக் கடையில் இருந்தவர். அவர் வந்து போனதெல்லாம் ரஜூலா கப்பலில். 1926இல் கட்டிய கப்பல், எழுபதுகளின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் கப்பல் கரைக்கு வராது, கடலிலேயே நிற்கும், ஆட்கள் படகில் இறங்கி வருவார்கள். பயணம் ஏறக்குறைய ஒரு வாரம். தளத்தில் பாய் விரித்துப் படுக்கை. பக்கத்துப் பாயில் பக்கத்து ஊர்க்காரர் இருப்பார். யார் செத்தது, எந்த வாய்க்கால் தகராறு, யார் வீட்டில் பெண் எடுத்தார்கள் என்று அத்தனையும் நடுக்கடலிலேயே தெரிந்துவிடும். "உங்க தாத்தா கப்பல்லயே பாதி ஊர்க்காரர் ஆயிருவாரு, மீதிய நான் பாத்துக்குவேன்" என்று அப்பாயி சொல்வார். ரஜூலாவுக்குப் பிறகு சிதம்பரம் கப்பல் வந்தது. 1985இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியும் முடிந்துபோனது.

இப்போது சிங்கப்பூர் திருச்சி நாலேகால் மணி நேரம். இரண்டரை மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால், கடிகாரத்தில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தாத்தா காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்தத் தளத்தில் வாந்தியும் வெயிலுமாகக் கிடந்தவர்கள் விமானம் கிடைத்திருந்தால் ஓடி ஏறியிருப்பார்கள். ஆனால் ஊர் திரும்புகிறவனுக்கு அந்த ஒரு வாரம் ஏதோ வேலை செய்தது. வேகம் கூடக்கூட அந்த வேலையை யார் செய்வது என்று நாம் யோசிக்கவே இல்லை. விடுமுறையின் கடைசி நாள் வரை சுற்றிவிட்டு, ராத்திரி இறங்கி, காலை ஒன்பதரைக்கு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மூன்று நாள் எல்லார் மீதும் எரிந்து விழுகிறோம். நான் விழுந்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அறந்தாங்கிக்காரர் இப்போது கைக்கடிகாரத்தைக் கழற்றி முள்ளைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். இரண்டரை மணி நேரம் பின்னால். இங்கே கேட்டிலேயேதான் சோதனை, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்ய வேண்டும். எழுந்திருக்கணும்.

போன வருடம் போலவே விமான நிலையத்துக்குக் கார் சொல்லிவிட்டதாக வீட்டிலிருந்து செய்தி வந்திருந்தது. ஒரு மணி நேரத்தில் தஞ்சாவூர் வந்துவிடலாமாம். கார் வேண்டாம், பஸ்ஸில் வருகிறேன் என்று போட்டேன்.

"ராத்திரி பதினோரு மணிக்கு எறங்கி பஸ் தேடப் போறீங்களா? ஜாவால என்னத்தக் குடுத்தாங்க உங்களுக்கு?"

இதற்கு இன்னும் பதில் போடவில்லை.