லோகோ தாய் நிறுவனத்தினுடையது, கடன் மட்டும் பிள்ளையினுடையதா?

பெரிய நிறுவனம் ஒன்றின் துணை நிறுவனம் திவாலாகிவிட்டது என்ற செய்தி, பத்திரிகையின் வணிகப் பக்கத்தில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. பங்கு விலை எவ்வளவு இறங்கியது என்று ஐந்தாவது வரி இருந்தால் அதிகம். குமரி மாவட்டத்தின் குலசேகரத்திலும் திருவட்டாறிலும் அருமனையிலும் அந்தச் செய்தியால் எத்தனை டிப்பர் லாரிகள் முற்றத்தில் நிற்கின்றன என்பதை யாரும் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். பதிவு நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படியுங்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட கட்டுமான நிறுவனம் என்பது போதும். அதன் மீது வங்கிகள் போட்ட வழக்கு, சப்ளையர்கள் போட்ட வழக்கு, செக் திரும்பிய வழக்கு என்று பல ஊர்களில் நடந்துகொண்டிருக்கின்றன. ஒரு வேலைக்காகவே தொடங்கிய அதன் துணை நிறுவனம் இப்போது திவால் நடவடிக்கையில் இருக்கிறது. வழக்குகளில் தீர்ப்பு வரும் முன் யாரையும் மோசடிக்காரர் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, சொல்லவும் இல்லை. எனக்குக் கோபம் சட்டம் இதையெல்லாம் எவ்வளவு எளிதாக அனுமதிக்கிறது என்பதில்தான்.

நம் மாவட்டத்துக்காரர்கள் வண்டியும் ஜேசிபியும் எடுத்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போவது புதிதல்ல. அரை ஏக்கர் ரப்பரை ஈடு வைத்து முதல் வண்டி, அந்த வண்டி ஓடிய காசில் இரண்டாவது வண்டி என்று வளர்ந்த குடும்பங்கள் மேற்கு மாவட்டம் முழுக்க இருக்கின்றன. தக்கலையில் வரிக் கணக்கு எழுதிக் கொடுக்கும் தொழிலில் இருப்பதால் இவர்களுடைய பில் கட்டுகள் என் மேசைக்குத்தான் வரும். அப்படி வந்த அண்ணன் ஒருவருக்கு ஏழெட்டு மாத வண்டி வாடகை பாக்கி. டீசல் பங்கில் கடன், டயர் கடையில் கடன், மனைவியின் நகை அடகில். “பெரிய கம்பெனி தம்பி, பணம் எங்கேயும் போய்விடாது” என்று சைட்டில் இருந்த எஞ்சினியர் சொன்னதை அவர் அப்படியே நம்பியிருக்கிறார்.

அவர் நம்பியதில் தவறே இல்லை. அவரிடம் இருந்த ஒர்க் ஆர்டரைப் பாருங்கள். தாளின் தலையில் ஊரறிந்த நிறுவனத்தின் லோகோ, வண்ணத்தில். கீழே கையெழுத்துப் போட்டவரின் மின்னஞ்சல் முகவரியும் அதே பெரிய நிறுவனத்தின் பெயரில். சைட் கேட்டில் அதே பெயர்ப் பலகை, பாதுகாவலர் சட்டையில் அதே முத்திரை. தாளின் அடிவிளிம்பில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், வேறொரு பிரைவேட் லிமிடெட் பெயரும் 21 எழுத்தும் எண்ணும் சேர்ந்த நிறுவன அடையாள எண்ணும். அந்த எண்ணின் முதல் எழுத்து ‘எல்’ என்றால் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம். ‘யு’ என்றால் பட்டியலிடப்படாதது. இவர் தாளில் இருந்தது ‘யு’. ஓட்டிய நடைகள் அத்தனையும் அந்த ‘யு’வின் கணக்கில் ஓடியிருக்கின்றன. வருமான வரித் துறையின் 26ஏஎஸ் அறிக்கையிலும் வரி பிடித்தவர் என்ற இடத்தில் துணை நிறுவனத்தின் பெயரே இருக்கிறது. லோகோவின் சொந்தக்கார நிறுவனம் சட்டத்தின் கண்ணில் இவருக்கு ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

இந்தத் தத்துவத்துக்கு வயது அதிகம். 1896-இல் இங்கிலாந்தின் சாலமன் வழக்கில், நிறுவனம் வேறு, அதன் உரிமையாளர் வேறு என்று தீர்ப்பானது. நம் நாட்டிலும் தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் தனித்தனி ஆட்களே; பாதிக்கு மேல் வாக்குரிமை கையில் இருந்தாலும், இயக்குநர்களைத் தாய் நிறுவனமே நியமித்தாலும், கடன் தனித்தனி. நஷ்டம் வந்தால் போட்ட முதலோடு போகட்டும் என்ற பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் பாலம் கட்டவோ ஆலை தொடங்கவோ துணிய மாட்டார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதுகாப்பு முதல் போட்டவருக்கானது. தன் பெயரையும் முத்திரையையும் காட்டிக் கடனுக்கு வேலை வாங்கிவிட்டு, பணம் கேட்கும்போது “அது வேறு கம்பெனி” என்று சொல்வதற்கு அது எப்படிப் பொருந்தும்?

வங்கிகளிடம் இந்தப் பேச்சு செல்லாது என்பதுதான் என்னை மிகவும் எரிச்சலூட்டுகிறது. துணை நிறுவனத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கி பெரும்பாலும் தாய் நிறுவனத்திடம் உத்தரவாதப் பத்திரம் எழுதி வாங்கிக்கொள்கிறது. துணை நிறுவனம் திவால் நடவடிக்கைக்குள் போனதும் திவால் சட்டத்தின் 14-ஆம் பிரிவின்படி அதன் மீதான வழக்குகள் எல்லாம் நின்றுவிடும். உத்தரவாதம் கொடுத்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 2018 திருத்தம் தெளிவாகவே சொல்கிறது. ஆகவே வங்கி நேராகத் தாய் நிறுவனத்தின் கதவைத் தட்டுகிறது. வக்கீலும் தணிக்கையாளரும் பக்கத்தில் இருக்கும் வங்கிக்குத் தாய் நிறுவனத்தின் கையெழுத்து. டிப்பர்காரருக்கு வண்ண லோகோ.

இனி அவர் திவால் வழக்குகளை விசாரிக்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா? 2016-இல் வந்த திவால் சட்டத்தில், தானே மனுப் போட முதலில் ஒரு லட்சம் ரூபாய் பாக்கி இருந்தால் போதும் என்றிருந்தது. 2020 மார்ச் 24 அன்று அதை ஒரு கோடியாக உயர்த்திவிட்டார்கள். இரண்டு வண்டி வைத்திருப்பவருக்கு ஒரு கோடி பாக்கி எங்கிருந்து வரும்? வேறு யாரோ மனுப் போட்டு, அதில் இவர் கோரிக்கை கொடுத்து வரிசையில் நிற்கலாம், அவ்வளவுதான். யாருக்கு எவ்வளவு தருவது என்ற மீட்புத் திட்டத்தை முடிவு செய்யும், கடன் கொடுத்தவர்களின் குழுவில் வாக்கு வங்கிகளுக்கும் நிதிக் கடன் கொடுத்த மற்றவர்களுக்கும் மட்டுமே. வேலை செய்தவர்களும் சரக்கு கொடுத்தவர்களும் மொத்தக் கடனில் 10 சதவீதமாவது வைத்திருந்தால், பிரதிநிதி ஒருவரை அனுப்பி உட்கார்ந்து கேட்கலாம். வாக்கு இல்லை. சொத்தை விற்றுப் பங்கு வைக்கும் 53-ஆம் பிரிவில் முதலில் நடவடிக்கைச் செலவு, பிறகு ஈடு பெற்ற வங்கியும் தொழிலாளரின் 24 மாதக் கூலியும், பிறகு மற்ற ஊழியரின் 12 மாதச் சம்பளம், ஈடு இல்லாத நிதிக் கடன், அரசுப் பாக்கி, அதன் பிறகுதான் இவர். அங்கே வரும்போது பாத்திரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்?

மிகையாகச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் திவாலான வீடியோகான் நிறுவனத்தின் கதையை எடுத்துப் பாருங்கள். 2021 ஜூனில் மும்பைத் தீர்ப்பாயம் அதன் மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்த ஆணையிலேயே, சிறு தொழில்கள் உள்ளிட்ட சப்ளையர்களுக்குக் கிடைப்பது வெறும் 0.72 சதவீதம் என்று குறித்திருக்கிறது. நூறு ரூபாய்க்கு முக்கால் ரூபாய்கூட இல்லை. இது ஏறக்குறைய மொட்டை என்றே தீர்ப்பாயம் எழுதியது. பின்னர் மேல்முறையீட்டில் அந்த ஒப்புதல் ரத்தானது என்றாலும், சட்டம் இருக்கும் இருப்பில் இப்படி ஒரு கணக்கு தீர்ப்பாயம் வரை வந்து ஒப்புதலும் பெற முடிகிறது என்பதுதான் விஷயம். வங்கிக்கும் சப்ளையருக்கும் சமமாகப் பங்கு வேண்டும் என்று எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னதை, 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாற்றிவிட்டது.

தாய் நிறுவனமும் துணை நிறுவனமும் தனித்தனி என்கிறார்களே, பணம் தேவைப்படும்போது அந்தத் தனித்தனி எங்கே போகிறது என்பதற்கு ஜேபி குழுமத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. யமுனா விரைவுச்சாலையைக் கட்டிய ஜேபி இன்ஃப்ராடெக் துணை நிறுவனம். ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் தாய். தாய் வாங்கிய கடனுக்குப் பிள்ளையின் நிலத்தை வங்கிகளிடம் ஈடு வைத்திருந்தார்கள். 2017 ஆகஸ்டில் பிள்ளை திவால் நடவடிக்கைக்குள் போனது. வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு நின்ற 20,000-க்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 758 ஏக்கர் நிலத்தின் ஈடு செல்லாது, அது பிள்ளைக்கே திரும்ப வேண்டும் என்று 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறவுள்ள நிறுவனத்துக்குச் சாதகமாக நடந்த பரிமாற்றங்களை இரண்டு ஆண்டு வரை பின்னோக்கிப் போய்ப் புரட்டிப் பார்க்கலாம் என்று சட்டம் சொல்வதால்தான் இது முடிந்தது. 2024 ஜூனில் தாயும் அதே நடவடிக்கைக்குள் வந்து சேர்ந்தது.

நாகர்கோவிலில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் பலர் இப்போது டீமேட் கணக்கு வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குதாரருக்கு வரும் ஆண்டறிக்கையில் லாபம் முதல் பக்கங்களில் இருக்கும். வழக்குகளோ கடைசியில், உறுதியாகாத பொறுப்புகள் என்ற குறிப்பில் இருக்கும். சட்ட ஆலோசனையின்படி இவை சாதகமாக முடியும் என்று நிர்வாகம் நம்புவதாகவும் ஒரு வரி இருக்கும். துணை நிறுவனத்தின் பொறுப்பு, திவால் நடவடிக்கையை நடத்த நியமிக்கப்படும் தீர்வு நிபுணர் கைக்குப் போனதும் தாய்க்குக் கட்டுப்பாடு போய்விட்டது என்று சொல்லி, பல நேரங்களில் அந்தக் கடன் முழுவதையும் குழுமக் கணக்கிலிருந்தே நீக்கிவிடுவார்கள். முந்தைய ஆண்டைவிடக் கடன் குறைந்து கணக்கு அழகாகத் தெரியும். அதைப் பார்த்து நிறுவனம் தேறிவிட்டது என்று பங்கு வாங்காதீர்கள். உத்தரவாதம் எவ்வளவு கொடுத்திருக்கிறார்கள் என்ற குறிப்பை முதலில் தேடுங்கள்.

அறிவிப்பு விஷயம் இன்னும் மோசம். திவால் நடவடிக்கை தொடங்கியதும் தீர்வு நிபுணர் ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிலும் வட்டார மொழிப் பத்திரிகை ஒன்றிலும் விளம்பரம் தர வேண்டும். பதிவு அலுவலகம் மும்பையில் இருந்தால் அந்த வட்டார மொழி மராத்தி. குலசேகரத்தில் யார் மராத்திப் பத்திரிகை வாங்குகிறார்கள்? இணையதளத்திலும் போடுகிறார்கள், உண்மைதான். அப்படி ஒரு தளம் இருப்பதே வண்டிக்காரருக்குத் தெரியாது. துணை நிறுவனம் மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்கில் இவருடைய எண்ணைப் பதிந்திருக்கிறது. வரி பிடித்தபோது இவருடைய பான் எண் தெரிந்திருக்கிறது. பணம் போட்டபோது வங்கிக் கணக்கு தெரிந்திருக்கிறது. இத்தனையும் இருக்கும்போது ஒவ்வொரு சப்ளையருக்கும் அவரவர் மொழியில் கடிதமோ குறுஞ்செய்தியோ அனுப்புவதைக் கட்டாயமாக்க என்ன தடை? கோரிக்கை கொடுக்காமல் விட்டு, மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதலும் கிடைத்துவிட்டால் அந்தப் பாக்கி அடியோடு அழிந்துபோகும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. விளம்பரத்தைப் பார்க்காத ஒரே காரணத்துக்காக ஒருவன் உழைப்பு அழிவது அநியாயம்.

சட்டத்தை மாற்ற முடியாது என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம். நம் தாத்தாக்கள் திருவிதாங்கூர் பிரஜைகளாக இருந்தபோது, 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி சரிந்தது. 1960-இல் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடியது. அந்த இரண்டாவது சரிவின் சூட்டில்தான் வைப்புத்தொகைக் காப்பீட்டுச் சட்டம் 1961-இல் வந்தது. 1,500 ரூபாயில் தொடங்கிய காப்பு இன்று 5 லட்சம். ஜேபி வீடு வாங்கியவர்கள் கூச்சல் போட்ட பிறகு, 2018 ஜூனில் அவசரச் சட்டம் போட்டு வீடு வாங்குபவர்களையும் நிதிக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் சேர்த்தார்கள். அவர்கள் ஒரே இடத்தில் திரண்டார்கள், டெல்லிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். டிப்பர்காரர்களும் ஜேசிபிக்காரர்களும் ஆளுக்கொரு ஊரில் சிதறிக் கிடக்கிறார்கள்.

2025 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதாவில், ஒரே குழுமத்தைச் சேர்ந்த நிறுவனங்களின் திவால் வழக்குகளைச் சேர்த்து நடத்துவதற்கு வழி இருக்கிறது. வரவேற்கிறேன், ஆனால் போதாது. தாய் நிறுவனத்தின் லோகோவை அச்சிட்டு ஒர்க் ஆர்டர் கொடுத்தால், உத்யம் என்ற அரசின் சிறு தொழில் பதிவு உள்ளவருக்கு அந்தப் பாக்கிக்குத் தாய் நிறுவனமும் உத்தரவாதி என்று சட்டம் ஒரு வரி சொல்ல வேண்டும். உத்தரவாதி ஆக விருப்பமில்லை என்றால் லோகோவை எடுத்துவிடட்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினரும் மாவட்டத்தின் லாரி உரிமையாளர் சங்கங்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன்.

இப்போது பாக்கியோடு நிற்பவர்களுக்கு. சப்ளையர் கோரிக்கைக்கான படிவம் ‘பி’. சம்பளப் பாக்கி உள்ள ஊழியருக்குப் படிவம் ‘டி’. கட்டணம் கிடையாது, மின்னஞ்சலிலேயே அனுப்பலாம், மும்பைக்கு ரயிலேற வேண்டாம். ஒர்க் ஆர்டர், பில், சைட்டில் கையெழுத்து வாங்கிய டிரிப் ஷீட், வங்கி ஸ்டேட்மெண்ட், 26ஏஎஸ் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். டிரிப் ஷீட் மிக முக்கியம். மழையில் நனைந்து கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். செக் திரும்பியிருந்தால் நாள் கணக்குத் தவறாமல் நோட்டீஸ் அனுப்புங்கள்; நிறுவனத்தின் மீது அந்த வழக்கு இப்போது நகராது, கையெழுத்துப் போட்ட இயக்குநர் மீது நகரும் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. புதிதாக வேலைக்குப் போகிறவர்கள் வண்டியைக் கிளப்பும் முன் தாளின் அடியில் உள்ள அந்த 21 எழுத்தையும் எண்ணையும் நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள்; யார் அந்த நிறுவனம், எந்த வங்கிக்கு எதை ஈடு வைத்திருக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. பார்க்கத் தெரியாதவர்கள் தாளை என்னிடம் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம்.