வாத்துக்கூண்டில் வந்த கதை

சீனா, பௌத்தம் என்று யாராவது இங்கே எழுதினால் போதும், பின்னூட்டத்தில் போதிதர்மர் வந்துவிடுவார். காஞ்சிபுரத்துக்காரர், பல்லவ இளவரசர், குங்ஃபூ சொல்லிக்கொடுத்தவர், எல்லாம் நாம் கொடுத்ததுதான். சரி. அவர் பெயர் வரும் மிகப் பழைய சீன நூல்களில் ஒன்று, லுவோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி யாங் ஷுவான்சி 547 வாக்கில் எழுதியது. அதில் அவர் பாரசீகர். தனக்கு வயது நூற்றைம்பது என்கிறார். யோங்னிங் விகாரையின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, கைகூப்பியபடி நாள்கணக்கில் நமோ சொல்லிக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான் அவர் பங்கு. தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய குறிப்பும் உண்டு. குங்ஃபூ எல்லாம் பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது.

அவர் எந்த ஊர்க்காரராகவும் இருந்துவிட்டுப் போகட்டும். என் ஆதங்கம் வேறு. நாம் எப்போதும் கொடுத்தவர் பக்கமே நின்று பெருமைப்படுகிறோம். வாங்கியவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் அதைவிடப் பெரிய கதை.

ஓர் உதாரணம். 3ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாகச் சொல்லப்படும் ஒரு சீன பௌத்தக் கதைத் தொகுப்பில் ஓர் இந்தியக் கதை இருக்கிறது. ஒரு பிராமணர் குளித்துவிட்டு வாயிலிருந்து ஒரு குடத்தைத் துப்புகிறார். குடத்துக்குள் ஒரு பெண். அவர் தூங்கியதும் அவள் தன் பங்குக்கு ஒரு குடத்தைத் துப்புகிறாள். அதற்குள் ஓர் இளைஞன். மரத்தின் மேலிருந்து இதையெல்லாம் பார்த்த இளவரசன் அரசனிடம் போய்ச் சொல்கிறான். பெண்களை அடைத்துவைத்துக் காக்க முடியாது, அந்தப்புரத்தைத் திறந்துவிடுங்கள் என்பது நீதி.

கொஞ்ச காலம் கழித்து ஒரு சீனத் தொகுப்பில் இதே கதை 387இல் நடந்ததாக வருகிறது. துப்புகிறவர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு வித்தைக்காரத் துறவி. காவடி சுமந்து போகும் ஒருவனின் கூடைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார். அப்புறம் 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வூ ஜுன் எழுதியதைப் பாருங்கள். யாங்ஷியான் ஊரைச் சேர்ந்த ஷு யான் வாத்துக்கூண்டைத் தூக்கிக்கொண்டு மலைவழியில் போகிறான். கால்வலி என்று வழியில் கிடந்த பதினேழு பதினெட்டு வயதுப் படிப்பாளி ஒருவன், கூண்டுக்குள் வரட்டுமா என்று கேட்கிறான். கூண்டு பெரிதாகவில்லை, அவனும் சிறியவன் ஆகவில்லை. இரண்டு வாத்துகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். வாத்துகள் மிரளவும் இல்லை, கூண்டு கனக்கவும் இல்லை. மரத்தடியில் இறங்கியதும் வாயிலிருந்து விருந்தைத் துப்புகிறான், பிறகு ஒரு பெண்ணை. அவன் குடித்துத் தூங்கியதும் அவள் ஒருவனைத் துப்புகிறாள். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்கிறாள். ஆகட்டும் என்கிறான் ஷு யான். அந்த ஆளும் இன்னொரு பெண்ணைத் துப்பிவிட்டு அதையே கேட்கிறான். அதற்கும் ஆகட்டும்.

பிராமணர் போயே போய்விட்டார், வெளிநாட்டுத் துறவியும் போய்விட்டார், உள்ளூர்ப் படிப்பாளி வந்துவிட்டான். இளவரசன் இல்லை, உபதேசம் இல்லை. வாத்துகள் மிரளவில்லை என்ற ஒரு வரிக்காகவே வூ ஜுன் எனக்குப் பெரிய எழுத்தாளர். எல்லோருடைய ரகசியமும் தெரிந்த ஒருவன் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே, மூலத்தில் அது கிடையாது. இது பௌத்த நூலிலிருந்து எடுத்ததுதான் என்று 9ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்ற சீன எழுத்தாளர் கண்டுபிடித்து எழுதிவைத்தார். பெருமைப்பட வேண்டுமென்றால் இப்படி ஒரு வாசகர் கிடைத்ததற்காகப் படலாம்.

கருத்துகள் கடன் போனதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாயிற்று. சீனக் கவிதையின் நான்கு தொனிகளை, அதாவது சொல்லை உச்சரிக்கும் ஏற்ற இறக்கங்களை, கவிஞர் ஷென் யுவேயும் நண்பர்களும் 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்ததற்கு சமஸ்கிருத ஓதல்முறை காரணம் என்று 1934இல் வரலாற்றாசிரியர் சென் யின்கோ வாதிட்டார். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. நான் பெரிதாக நினைப்பது அதைவிடச் சாதாரணமான ஒன்றை: விகாரை போட்ட சோறும் அங்கே இருந்த நூலகமும்.

அதற்கு உதாரணம் லியூ ஷியே என்ற எழுத்தாளர். சிறுவயதில் தந்தையை இழந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வறுமைதான் காரணம் என்கிறது வரலாறு. இன்றைய நான்ஜிங் அருகே திங்லின் விகாரையில், செங்யோ என்ற அறிஞத் துறவியுடன் பத்து வருஷத்துக்கு மேல் தங்கி, சூத்திரங்களைப் பிரித்து அடுக்கி அட்டவணை போட்டார். அங்கே தங்கியிருந்த காலத்தில்தான், 500ஐ ஒட்டி, சீன இலக்கியக் கோட்பாட்டின் ஆகப்பெரிய நூலை எழுதினார். ஐம்பது இயல்கள். பௌத்தச் சொல் என்று உறுதியாகக் காட்டக்கூடியது அதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். மற்றபடி கன்பூசியஸ், பழைய செவ்வியல் நூல்கள், கவிதை. அதனால் நூலில் பௌத்தமே இல்லை என்று ஒரு கட்சி, அடுக்கும் முறையே பௌத்தம் என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி.

எழுதி முடித்தபோது அவரை யாருக்கும் தெரியாது. ஷென் யுவேயோ பெரிய மனிதர், நேரில் பார்க்க முடியாது. நூலை முதுகில் சுமந்துகொண்டு, தெருவில் சாமான் விற்கிறவரைப் போல அவர் வண்டி வரும் வழியில் போய் நின்றார் லியூ ஷியே. ஷென் யுவே வாங்கிப் படித்தார், மெச்சினார். அதற்குப் பிறகு அரசுப் பதவிகள் வந்தன, பட்டத்து இளவரசர் சியாவ் தோங்கின் நட்பும் கிடைத்தது. பின்னாளில் அரச ஆணைப்படி சூத்திரங்களைப் பதிப்பிக்க மறுபடி திங்லினுக்கே போனார். வேலை முடிந்ததும் அரண்மனைக்குத் திரும்பவில்லை. தலைமுடியைத் தீயில் கருக்கிச் சபதம் செய்து, அனுமதி வாங்கித் துறவியானார். ஒரு வருஷத்துக்குள் இறந்துபோனார்.