கசாண்ட்ராவில் யாரும் திறந்து பார்க்காத ஒரு வரி

கசாண்ட்ரா, பல சர்வர்களில் தரவைப் பிரித்து வைக்கும் டேட்டாபேஸ். அதன் கிளஸ்டர் போடுகிறவர்கள் ஹீப் சைஸுக்கும் (மெமரி அளவு) ஜிசிக்கும் (மெமரியைச் சுத்தம் செய்யும் வேலை) நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். அமைப்புகளை எழுதும் யாமல் கோப்பில் இருக்கும் 'கமிட்லாக்_சிங்க்' வரியை மட்டும் யாரும் தொடுவதில்லை. மின்சாரம் போனால் தரவு தங்குமா என்பதே அந்த வரியில்தான் இருக்கிறது.

ஒரு ரைட் (எழுதச் சொல்லி வரும் தரவு) வந்ததும் நோடு (கிளஸ்டரின் ஒரு சர்வர்) அதை இரண்டு இடத்தில் வைக்கிறது. கமிட் லாக் என்ற பதிவுக் கோப்பின் கடைசியில் ஒட்டுகிறது, மெமரியில் உள்ள மெம்டேபிளில் வரிசைப்படி சேர்க்கிறது. மெம்டேபிள் நிரம்பினால் மொத்தமாக டிஸ்கில் இறங்கி எஸ்எஸ்டேபிள் ஆகிவிடும். பிறகு அந்தக் கோப்பை யாரும் திருத்துவதில்லை. இறங்கும்வரை அந்த நோடில் அதற்கு ஒரே காப்பு கமிட் லாக். நோடு விழுந்து எழுந்தால் அதைப் படித்துத்தான் மெம்டேபிளை மறுபடி கட்டும்.

ஆனால் கமிட் லாக்கில் எழுதியதெல்லாம் உடனே டிஸ்குக்குப் போய்விடாது. கமிட்லாக்_சிங்க்கின் டீஃபால்ட் 'பீரியாடிக்', இடைவெளி 10,000 மில்லிவிநாடி. டிஸ்கில் நிஜமாகவே எழுதவைக்கும் எஃப்சிங்க் 10 விநாடிக்கு ஒருமுறைதான். கிளையண்டுக்கு 'ஓகே' அதற்கு முன்பே போய்விடும். நடுவில் மின்சாரம் போனால் அந்த நோடில் கடைசி 10 விநாடி வரை எழுதியது காலி.

"மூன்று ரெப்ளிகா இருக்கே, கோரத்தில்தானே எழுதுறோம்" என்பார்கள். அதாவது மூன்று நோடில் பிரதி இருக்கிறது, பாதிக்கு மேல் 'ஓகே' சொன்னால்தான் ரைட் முடியும். மூன்றும் தனித்தனி மின் இணைப்பில் இருந்தால் சரி. நோடு எந்த ரேக்கில் (சர்வர் அலமாரி) இருக்கிறது என்று சொல்லும் ரேக்டிசி கோப்பு வரும்போதே 'ரேக்1' என்றுதான் வருகிறது. எல்லா நோடிலும் அப்படியே விட்டுவிட்டால் பிரதிகளை ரேக் வாரியாகப் பிரித்து வைக்கும் நெட்வொர்க்டோபாலஜி ஸ்ட்ராட்டஜி எதை வைத்துப் பிரிக்கும்? மூன்று பிரதியும் ஒரே யுபிஎஸ்ஸில் போய் உட்காரலாம். ரேக் பெயரை முதல் நாளே சரியாகக் கொடுங்கள். தரவு ஏறிய நோடில் பின்னால் மாற்றினால் கசாண்ட்ரா ஸ்டார்ட்டே ஆகாது.

பணமோ மருத்துவக் குறிப்போ இருக்கிற கிளஸ்டரில் பீரியாடிக் இருக்கவே கூடாது என்பேன். 'பேட்ச்' போட்டால் எஃப்சிங்க் முடிந்த பிறகுதான் பதில் போகும். 4.0-இல் வந்த 'குரூப்', நீங்கள் கொடுக்கும் இடைவெளிக்குள் வரும் ரைட்டுகளைச் சேர்த்து ஒரே எஃப்சிங்கில் முடிக்கும். லேட்டன்சி (பதில் வர ஆகும் நேரம்) கொஞ்சம் கூடத்தான் செய்யும், கூடட்டும். சுழலும் டிஸ்க் என்றால் கமிட் லாக்குக்குத் தனி டிஸ்க் கட்டாயம். இல்லையென்றால் எஸ்எஸ்டேபிள்களை ஒன்றாக இணைக்கும் கம்பாக்‌ஷன் ஓடும் நேரமெல்லாம் எஃப்சிங்க் காத்துக்கிடக்கும். இந்த அமைப்பு நோடு முழுவதுக்கும் ஒன்றுதான், டேபிளுக்கு டேபிள் மாற்ற முடியாது. ஆகவே போனால் பரவாயில்லை என்கிற சென்சார் தரவைத் தனிக் கிளஸ்டரில் வையுங்கள்.

இன்னொன்று. டேபிள்களின் தொகுப்பான கீஸ்பேஸில் யாராவது 'டியூரபிள்_ரைட்ஸ்' ஃபால்ஸ் என்று வைத்திருந்தால் ரைட் கமிட் லாக் பக்கமே போகாது, பேட்சும் குரூப்பும் அங்கே எடுபடாது. 'டிஸ்கிரைப் கீஸ்பேஸ்' அடித்தால் தெரிந்துவிடும்.