கோட்டுக்கு அர்த்தம் இருக்குங்க, தயவுசெஞ்சு பாத்துப் போடுங்க

சாஃப்ட்வேர் டிசைன் டாக்குமென்ட்டைத் திறந்தா கிளாஸ் டயகிராம்ல (புரோகிராமோட பாகங்களான கிளாஸ்களையும் அதுங்களோட உறவையும் காட்டுற படம்) கட்டம் எல்லாம் கல்யாண ஜோடனை. கலர், நிழல், ஒவ்வொரு ஆட்ரிபியூட்டுக்கும் டைப். கோடு மட்டும் எல்லாமே ஒரே மாதிரி, நுனியில ஒரு அம்பு. எது எதோட வாரிசு, எது எதைக் கூப்பிடுது, எது போனா எது கூடவே போகும்னு படிக்கிறவன் சோழி உருட்டித்தான் பாக்கணும்.

இந்தப் படங்களுக்கான பொது வரைமொழியான யூஎம்எல்லை, தரம் வகுக்கிற அமைப்பான ஓஎம்ஜி ஏத்துக்கிட்டது 1997ல. அத்தனை வருஷமா இதுக்கெல்லாம் தனித்தனிக் கோடு இருக்கு. முழுக்கோடு, நுனியில உள்ளே காலியான முக்கோணம்னா இன்ஹெரிட்டன்ஸ், அதாவது வாரிசு உறவு. முக்கோணம் பேரன்ட் பக்கம் இருக்கணும், சைல்டு பக்கம் இல்ல. அதே முக்கோணம் விட்டுவிட்டுப் போற கோட்டுல இருந்தா இன்டர்ஃபேஸை (என்னென்ன மெத்தட் வேணும்னு சொல்ற ஒப்பந்தம்) இம்ப்ளிமென்ட் பண்ணுதுன்னு அர்த்தம். விட்டுவிட்டுப் போற கோட்டுல வெறும் அம்புன்னா டிபென்டன்ஸி, அதாவது ஒண்ணு இன்னொண்ணை நம்பி இருக்கு. இதுல என்ன கஷ்டம்?

அம்பு திசை இன்னொரு கொடுமை. டேட்டா எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கம் அம்பு விடுறாங்க. ரிப்போர்ட் கிளாஸ் ரெப்பாசிட்டரியில (டேட்டாவை எடுத்துக் கொடுக்கிற கிளாஸ்) இருந்து தகவல் வாங்குதா, உடனே ரெப்பாசிட்டரியில இருந்து ரிப்போர்ட்டுக்கு ஒரு அம்பு. அடப்பாவிகளா, இது தண்ணிக் குழாய் படமா? ரிப்போர்ட்தானே ரெப்பாசிட்டரியைக் கூப்பிடுது, அம்பு அங்கிருந்துதான் கிளம்பணும். திருப்பிப் போட்டா, ரெப்பாசிட்டரி மெத்தடை மாத்தும்போது எதெல்லாம் உடையும்னு படத்தைப் பாத்துக் கணக்குப் போடறவன் ரிப்போர்ட்டை டெஸ்ட் பண்ணாமலே விட்டுடுவான்.

கோட்டு முனையில போடற டைமண்ட் விஷயத்துக்கு வந்தா ரத்தக் கொதிப்புதான். ஆர்டர், ஆர்டர் லைன் (ஆர்டர்ல ஒரு பொருளுக்கான வரி), ப்ராடக்ட். மூணே கிளாஸ். ஆர்டரை அழிச்சா அதோட லைன் எல்லாம் அழியணும், அதனால அது காம்பொசிஷன்: கறுப்பு டைமண்ட், ஆர்டர் பக்கம். லைன்ல இருந்து ப்ராடக்டுக்கு வெறும் அசோசியேஷன் (சாதாரணத் தொடர்புக் கோடு) போதும். ஆனா 'லைனுக்குள்ள ப்ராடக்ட் இருக்கே'ன்னு அங்கயும் லைன் பக்கம் ஒரு கறுப்பு டைமண்ட் ஒட்டிடறாங்க. அதை நம்பி டெவலப்பர் கேஸ்கேட் டிலீட் (ஒண்ணை அழிச்சா அதோட சேந்ததும் அழியறது) எழுதினா, கஸ்டமர் ஒரு லைனை கேன்சல் பண்ணினதும் கேட்டலாக்ல இருக்கிற பொருளும் சேந்து போகப் பாக்கும். வேற ஆர்டர்ல அதே பொருள் இருந்தா ஃபாரின் கீ (இன்னொரு டேபிள்ல இருக்கிற வரியைக் காட்டுற சாவி) எரர்ல நிக்கும். இல்லேன்னா சத்தமே இல்லாம காணாமப் போயிடும். இத்தனைக்கும் கறுப்பு டைமண்ட் இருக்கிற முனையில எண்ணிக்கை 1ஐத் தாண்டக் கூடாது. ஒரு பாகத்துக்கு ஒரே நேரத்துல ரெண்டு முதலாளி கிடையாது. பக்கத்துலயே நட்சத்திரமும் ('பல'ன்னு அர்த்தம்) போட்டிருந்தா அந்தப் படம் தன்னைத்தானே மறுக்குதுன்னு அர்த்தம்.

வெள்ளை டைமண்ட், அதாவது தளர்வான முழுசு-பாகம் உறவு இருக்கே, அதோட சரியான அர்த்தம் துறைக்குத் துறை, வரையறவருக்கு வரையறவர் மாறும்னு 2017ல வந்த யூஎம்எல் 2.5.1 ஸ்பெக்கே (அதிகாரபூர்வ விதி ஆவணம்) கையை விரிச்சிடுது. அப்புறம் எதுக்குங்க அது? சாதாரணக் கோடு போட்டுட்டு, முனையில ரோல் பேர் (அந்த உறவுல அது என்ன வேலை பாக்குதுன்னு) எழுதுங்க.

எண்ணிக்கையும் தலைகீழ். ஒரு ஆர்டருக்கு எத்தனை லைன்ங்கிறதை லைன் பக்க முனையில எழுதணும்: 1..*, அதாவது ஒண்ணோ அதுக்கு மேலயோ. ஆர்டர் பக்கம் 1. மாத்தி எழுதினா ஒரு ஆர்டருக்கு ஒரே லைன், ஒரு லைனுக்குப் பல ஆர்டர்னு ஆயிடும். டேபிள் போடறவர் ஃபாரின் கீயை ஆர்டர் டேபிள்ல கொண்டுபோய் வெப்பார்.

யூஸ் கேஸ் படத்துல (பயனர் சிஸ்டத்தை வெச்சு என்ன செய்வார்னு காட்டுறது) இன்க்ளூட், எக்ஸ்டெண்ட் பத்தி நீட்டப் போறதில்ல. இன்க்ளூட் அம்பு மூலத்துல இருந்து உள்ள சேர்க்கிறதுக்குப் போகும். எக்ஸ்டெண்ட் அம்பு கூடுதல்ல இருந்து மூலத்துக்கு வரும். பத்துக்கு எட்டுப் படத்துல ரெண்டும் ஒரே பக்கம்தான் பாக்குது.

டூல் மட்டும் என்ன யோக்கியமா? பல மாடலிங் டூல்ல கோட்டைப் படத்துல மறைக்கிறது வேற, மாடல்லயே அழிக்கிறது வேற. படம் நெருக்கடியா இருக்குன்னு மறைச்சு வெச்ச உறவு உள்ள உயிரோடதான் இருக்கும். டூல் புரோகிராம் கோடை ஜெனரேட் பண்ணும்போது எட்டிப் பாக்கும். ரிவ்யூக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கிளாஸோட உறவுப் பட்டியலையும் திறந்து, படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. பன்னிரண்டு கிளாஸுக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. கட்டத்துக்கு நிழல் போட அதைவிட ஜாஸ்தி நேரம் ஆகியிருக்கும்.